பாடகர் குழு பாடுகிறது, சபை பார்த்துக்கொண்டிருக்கிறது: என்ன செய்யலாம்?

தென்பொதிகை (இழையைத் தொடங்கியவர்)

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். நெல்லைப் பக்கத்தில் ஒரு சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சேகரத்தில், அதாவது ஒரு போதகரின் பொறுப்பில் உள்ள சபை வட்டாரத்தில், கமிட்டியில் இருக்கிறேன். ஊர் பெயர் வேண்டாம், தெரிந்தவர்கள் இங்கேயும் இருக்கிறார்கள்.

எங்கள் கோயிலில் ஞாயிறு ஆராதனைக்கு இருநூறு, இருநூற்றைம்பது பேர் வருவார்கள். முன்னால் நின்று பாடுகிற பிள்ளைகள் ஏழெட்டுப் பேர். கீபோர்டு, டிரம்ஸ், பேஸ் கிட்டார் எல்லாம் உண்டு. நன்றாகப் பாடுகிறார்கள், அதில் குறையே இல்லை. ஆனால் பெஞ்சில் இருப்பவர்கள் பாடுவதில்லை. போன வாரம் வேண்டுமென்றே கடைசி வரிசையில் போய் நின்றேன். எனக்கு முன்வரிசையில் ஒருவர்கூட வாய் திறக்கவில்லை. திரையில் வரி ஓடுகிறது, அதைக் கண்ணால் வாசிக்கிறார்கள். பாட்டு முடிந்ததும் உட்காருகிறார்கள். காணிக்கை எடுக்கும்போது பாடுகிற பாட்டுக்கு மட்டும் கொஞ்சம் சத்தம் கேட்டது. அது வருஷக்கணக்காக மாறாத பாட்டு.

கமிட்டியில் இதைப் பேசினால் இரண்டு கட்சியாகி விடுகிறது. "புதுப் பாட்டெல்லாம் வந்துதான் கெட்டது, கீர்த்தனைக்கும் ஞானப்பாட்டுக்கும் திரும்புங்கள்" என்பது ஒரு கட்சி. "அப்படிப் பண்ணினால் இருக்கிற நாலு பிள்ளைகளும் வேறு சபைக்குப் போய்விடும்" என்பது இன்னொன்று. அடுத்த கூட்டத்தில் மறுபடியும் வரும். உங்கள் சபைகளில் எப்படி? சண்டை இல்லாமல் சொல்லுங்கள்.


ஆவடி_எஸ்தர்

பிரதர், நாங்கள் பெந்தெகொஸ்தே சபை. பாடுகிற பாட்டில் முக்கால்வாசி புதுசுதான். எல்லாரும் பாடுகிறோம், கைதட்டிப் பாடுகிறோம், கண்ணீரோடு பாடுகிறோம். "கர்த்தருக்குப் புதுப்பாட்டைப் பாடுங்கள்" என்று 96ஆம் சங்கீதத்திலேயே இருக்கிறது. பாட்டு பழசா புதுசா என்பது பிரச்சினை இல்லை. உள்ளே அனல் இல்லை என்றால் எந்தப் பாட்டைக் கொடுத்தாலும் வாய் திறக்காது. தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.


நாசரேத்_மருமகள்

எஸ்தர் அக்கா, உள்ளே அனல் இல்லை என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லிவிட முடியாது. இதே ஜனங்கள் துக்க வீட்டில் பாடுவதைப் பார்க்க வேண்டும்.

எங்கள் மாமியார் வழியில் ஒரு பெரியம்மா இறந்தபோது ராத்திரி முழுக்கப் பாடினோம். தெருவில் ஷாமியானா, பிளாஸ்டிக் நாற்காலி, ஒரே ஒரு டியூப் லைட். மைக் கிடையாது. சபை ஊழியரான உபதேசியார் ஒரு கீர்த்தனையை எடுத்துக் கொடுத்தார், அவ்வளவுதான். பல்லவி முடிவதற்குள் பெண்கள் எல்லாரும் சேர்ந்துவிட்டார்கள். புத்தகத்தைக் கையில் வைத்திருந்தவர் யாரும் அதைத் திறக்கவில்லை. நடுராத்திரிக்கு மேல் உபதேசியார் டீ குடிக்கப் போய்விட்டார், பாட்டு நிற்கவில்லை. மூலையில் உட்கார்ந்திருந்த ஒரு பாட்டி அடுத்ததை எடுத்தார். தொண்டை கட்டிப்போன குரல், சுருதி எங்கேயோ இருந்தது. ஆனாலும் எல்லாரும் அவர் சுருதிக்கே இறங்கிப் பாடினார்கள்.

ஞாயிற்றுக்கிழமை வாயைத் திறக்காத அதே ஆட்கள்தான் அவர்கள். ஆகவே பாட வராதவர்கள் இல்லை.

எனக்கு இதில் ஒரு அளவுகோல் இருக்கிறது. கரண்ட் போனாலும், ஆர்மோனியம் இல்லாவிட்டாலும், துக்க வீட்டில் பாட முடிகிற பாட்டுதான் சபைப் பாட்டு. நம் புதுப் பாட்டுகளில் எத்தனை அதில் தேறும்?


கீபோர்டு_கிறிஸ்டி

அக்கா சொன்னதில் ஒரு வரியை யாரும் கவனிக்காமல் போய்விடக் கூடாது: "அவர் சுருதிக்கே இறங்கிப் பாடினார்கள்." தென்பொதிகை ஐயா, உங்கள் கோயில் பிரச்சினை இதுதான் என்று பந்தயம் கட்டுவேன்.

சென்னையில் ஒரு சபையில் கீபோர்டு வாசிக்கிறேன். புதுப் பாட்டு ஒன்று வந்தால் பிள்ளைகள் யூடியூபில் கேட்டு, அதே ஸ்கேலில் (சுருதியில்) அப்படியே எடுத்து வருவார்கள். ரெக்கார்டிங்கில் பாடியவர் நல்ல மேல்ஸ்தாயிக் குரல். ஏ மேஜரில் பாடியிருப்பார், சரணத்தில் மேல் எஃப் ஷார்ப் வரைக்கும் போவார். ஸ்டூடியோவில், அதுவும் பலமுறை எடுத்த பதிவில், அது அழகாக இருக்கும். ஆனால் காலையில் எழுந்து இட்லி சாப்பிட்டு நேராகக் கோயிலுக்கு வந்த ஐம்பது வயது அங்கிளுக்கு அந்த சுரம் எட்டாது. முதல் சரணத்தில் முயற்சி பண்ணுவார், குரல் உடையும், பக்கத்தில் இருப்பவர் திரும்பிப் பார்ப்பார். அப்புறம் ஜென்மத்துக்கும் பாடமாட்டார்.

பயிற்சி இல்லாத ஒரு சாதாரண ஆண் கூச்சமில்லாமல் பாடக்கூடிய உச்சம் ஏறக்குறைய டி, இழுத்தால் ஈ ஃப்ளாட். பெண்கள் அதே சுரத்தை ஒரு ஸ்தாயி மேலே பாடுவார்கள், அவர்களுக்கும் எல்லை கிட்டத்தட்ட அதேதான். அந்த ஏ மேஜர் பாட்டை நாலு செமிடோன் (அரைச் சுரம்) இறக்கி எஃப்-க்குக் கொண்டு வாருங்கள், உச்ச சுரம் டியில் வந்து நிற்கும். கீபோர்டில் டிரான்ஸ்போஸ் பட்டனை நாலு முறை தட்டினால் முடிந்தது. பழைய ஆட்களுக்கு அவர்கள் கணக்கில் சொன்னால், ஆறு கட்டையில் இருந்து நாலு கட்டைக்கு.

இதைச் சொன்னால் லீட் பாடுகிற தம்பிக்குக் கோபம் வரும். "கீழே போனால் பவர் இல்லை அண்ணா" என்பான். உனக்குப் பவர் வேண்டுமா, சபை பாட வேண்டுமா என்று கேட்டால் ஒருவாரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வான்.

இன்னும் இரண்டு. ஒன்று, ஸ்பீக்கர் சத்தம். தன் குரல் தன் காதுக்குக் கேட்காத இடத்தில் மனுஷன் பாடமாட்டான். பக்கத்தில் நிற்பவர் குரலும் லேசாகக் கேட்க வேண்டும், அப்போதுதான் தைரியம் வரும். இரண்டு, சங்கதி. மேடையில் இருப்பவர் ஒவ்வொரு சரணத்தையும் வேறு வேறு மாதிரி வளைத்துப் பாடினால் கீழே இருப்பவருக்கு எங்கே சேருவது என்றே தெரியாது. தனிப்பாட்டு பாடும்போது வளைக்கட்டும், யார் வேண்டாம் என்றார்கள்?


தென்பொதிகை

தம்பி, இந்தக் கோணத்தில் நாங்கள் யாரும் யோசிக்கவே இல்லை. பழைய பெடல் ஆர்மோனியத்தில் வாசித்த வாத்தியார் எந்தப் பாட்டையும் இரண்டு கட்டை, இரண்டரைக் கட்டைக்கு மேல் தூக்கமாட்டார் என்று இப்போது ஞாபகம் வருகிறது. பாடுகிறவர் வசதிக்கு அவர் வாசிப்பார்.


தரங்கைவாசி

நல்ல இழை. "பழைய பாட்டு" கட்சிக்கு ஒரு வரலாறு சொல்லலாமா? கொஞ்சம் நீளும்.

சீகன்பால்க் 1706 ஜூலை 9இல் தரங்கம்பாடியில் இறங்கினார். அவரும் அவருக்குப் பின்னால் வந்த லுத்தரன் மிஷனரிகளும் ஜெர்மன் பாட்டுகளைத் தமிழில் ஆக்கினார்கள், மெட்டும் ஜெர்மன் மெட்டுதான். சென்னையில் இருந்த பெப்ரீசியஸ் அதைப் பெரிய அளவில் செய்தார். இன்றைக்கு ஞானப்பாட்டு, பாமாலை என்று நாம் பாடுவதன் வேர் அங்கே இருக்கிறது. தமிழ்ச் சொற்களை அந்த மெட்டுக்குள் இழுத்தும் குறுக்கியும் வைத்திருப்பார்கள். சில இடத்தில் குறில் நெடிலாகும். பாடிப் பாடி நமக்குப் பழகிவிட்டது.

அப்புறம் வந்தவர் வேதநாயகம் சாஸ்திரியார். 1774இல் பாளையங்கோட்டையில் பிறந்தவர், தென்பொதிகை ஐயா ஊர்க்காரர். தஞ்சாவூரில் மிஷனரி சுவார்ட்ஸ் ஐயரிடம் வளர்ந்தார், பிற்பாடு மன்னரான இரண்டாம் சரபோஜி கூடப் படித்தவர். கீர்த்தனை, கும்மி, குறவஞ்சி என்று இந்த மண்ணில் ஜனங்கள் ஏற்கெனவே பாடிக்கொண்டிருந்த வடிவங்களில் சுவிசேஷத்தை வைத்தார். பெத்லகேம் குறவஞ்சி அவருடையது. ராகம், தாளம், பல்லவி, அனுபல்லவி, சரணம் என்று கீர்த்தனைப் புத்தகத்தில் இன்றும் தலைப்பில் போட்டிருக்கிறார்களே, அந்த மரபைச் சபைக்குள் நிலைநிறுத்தியதில் பெரும்பங்கு அவருக்கு.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். 1820களில் தஞ்சைக்குப் புதிதாக வந்த மிஷனரிகளுக்கு இது பிடிக்கவில்லை. கோயிலுக்குள் இந்த இசை வேண்டாம், பண்டிகைக்குப் பூ வேண்டாம் என்றார்கள். வேதப்புத்தகத் தமிழையும் திருத்தினார்கள். சாஸ்திரியார் எதிர்த்து எழுதினார், வேலையையும் இழந்தார். 1853இல் மதுரை அமெரிக்கன் மிஷனைச் சேர்ந்த எட்வர்ட் வெப் கீர்த்தனைகளைத் தொகுத்து அச்சிட்ட பிறகுதான் பல சபைகளுக்கு அவை முறையாகப் போய்ச் சேர்ந்தன. 1864இல் சாஸ்திரியார் இறந்தார்.

ஆக, இன்றைக்கு "பாரம்பரியம்" என்று நெஞ்சில் அடித்துக்கொள்கிற கீர்த்தனை ஒருகாலத்தில் கோயிலுக்கு ஆகாத புதுப்பாட்டு. பாட்டைக் காப்பாற்றியது பழமை இல்லை, ஜனங்கள் அதை விடாமல் பாடியதுதான்.


ஒத்தக்கடை

தரங்கைவாசி ஐயா, ஒரு பக்கத்தைச் சொன்னீர்கள், மறுபக்கத்தையும் சொல்லியிருக்கலாம். அந்த மிஷனரிகளோடு சாஸ்திரியார் சண்டை போட்டது இசைக்காகவும் பூவுக்காகவும் மட்டும் இல்லை. சபைக்குள் சாதி வேறுபாடு கூடாது என்று அவர்கள் சொன்னதையும் எதிர்த்தார், அதற்கும் எழுதினார். அந்தச் சண்டையில் நான் மிஷனரிகள் பக்கம்தான்.

இதைக் கிண்டுவதற்காகச் சொல்லவில்லை. "நம் மண்ணின் இசை" என்றால் யார் மண், யார் இசை? கர்நாடக ராகமும் சமஸ்கிருதச் சொல்லும் நிறைந்த கீர்த்தனை எங்கள் பக்கத்து கிராமச் சபைகளுக்கு ஒரு காலத்தில் ஆங்கில மெட்டு அளவுக்கே அந்நியம். மதுரை அரசரடி இறையியல் கல்லூரியில் தியாப்பிலஸ் அப்பாவு என்று ஒரு ஆசிரியர் இருந்தார், பரட்டை அண்ணன் என்றால் எல்லாருக்கும் தெரியும். 2005இல் காலமானார். கிராமிய மெட்டில், பேச்சுத் தமிழில் வழிபாட்டு முறையையே எழுதினார். ஒரே உலையில் பொங்கி எல்லாரும் சேர்ந்து சாப்பிடுகிற பாட்டுகள். ஒருவர் எடுத்துக் கொடுக்க மற்றவர் திரும்பச் சொல்கிற அமைப்பு, நாற்று நடும்போது பாடுவதைப் போலவே. எழுத்து தெரியாத பாட்டி இரண்டாவது சுற்றிலேயே சேர்ந்துவிடுவாள். ஊரில் பாடும்போது வரியை மாற்றினால் அவர் கோபப்படமாட்டார், மாற்றிப் பாடட்டும் என்பதே அவர் கொள்கை.

நான் அந்தப் பாட்டுகளோடு வளர்ந்தவன். ஆனால் இன்றும் எங்கள் பக்கத்தில் சில கோயில்களில் டிரம்ஸுக்கு இடம் உண்டு, பறைக்கு இடம் இல்லை. கேட்டால் "சாவுக்கு அடிக்கிற மேளம்" என்பார்கள். "தம்புரோடும் நடனத்தோடும் அவரைத் துதியுங்கள்" என்று 150ஆம் சங்கீதம் வாசித்துவிட்டு இதைச் சொல்வார்கள். சபை ஏன் பாடவில்லை என்று கேட்கிறீர்கள். சில சபைகளில் ஜனங்களின் மேளத்தை வாசலிலேயே நிறுத்திவிட்டு வாயை மட்டும் உள்ளே வரச் சொல்கிறோம்.


தரங்கைவாசி

சரியாகச் சொன்னீர்கள், அந்தப் பக்கமும் உண்மைதான். சாதி விஷயத்தில் அவருக்காக வாதாட எனக்கு விருப்பமில்லை.


மரியபுரம்

நான் கத்தோலிக்கப் பெண். இந்த இழையில் கத்தோலிக்கர் யாரும் பேசவில்லையே என்று எழுதுகிறேன்.

எங்கள் அம்மா சின்னப் பிள்ளையாக இருந்தபோது பூசை முழுக்க லத்தீன். பாடகர் குழு மேலே பால்கனியில் நின்று பாடும், கீழே ஜனங்கள் ஜெபமாலை சொல்லிக்கொண்டிருப்பார்கள். அதாவது தென்பொதிகை அண்ணன் கோயிலில் இன்றைக்கு இருக்கிற நிலைமைதான். ஒரு வித்தியாசம், அவர்களாவது ஜெபமாலை சொன்னார்கள். 1963 டிசம்பர் 4இல் எங்கள் ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம் வழிபாட்டுக்கான ஏட்டை வெளியிட்டது. ஜனங்கள் முழுமையாக, உணர்ந்து, செயலளவில் பங்கெடுக்க வேண்டும் என்பதுதான் அதன் அடிநாதம். அப்புறம்தான் தமிழ்ப் பூசை, தமிழ்ப் பாட்டு எல்லாம்.

நடைமுறையில் எங்களுக்கு உதவுவது பதிலுரைப் பாடல். வாசகத்துக்குப் பிறகு ஒருவர் சங்கீதத்தைப் பாடுவார், ஒவ்வொரு பத்திக்கும் பிறகு ஜனங்கள் ஒரே ஒரு வரியைத் திரும்பப் பாடுவோம். திரையே தேவையில்லை. சரணம் தெரியாதவருக்கும் அவர் பங்கு உண்டு. உங்கள் கீர்த்தனையில் பல்லவி இருப்பதும் அதற்குத்தானே? சரணத்தைக் குழுவுக்கு விட்டுவிட்டுப் பல்லவியைச் சபைக்கு என்று ஒதுக்கிப் பாருங்களேன். பல்லவி வரும்போது குழு மைக்கை விட்டுக் கொஞ்சம் தள்ளி நிற்கட்டும்.


கீபோர்டு_கிறிஸ்டி

"மைக்கை விட்டுத் தள்ளி நிற்கட்டும்". இதை எங்கள் பிள்ளைகளுக்கு ஃபிரேம் போட்டு மாட்டலாம் அக்கா 😄


பெயர்_வேண்டாம்

எல்லாரும் சுருதி, பறை என்று பேசுகிறீர்கள். நான் வேறொன்றைக் கேட்கிறேன். பாட முடிந்தும் பாட மனசு வராதவன் என்ன செய்வது?

எங்கள் மகன் தவறி ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது. ஞாயிறு கோயிலுக்குப் போகிறேன், மனைவிக்காக. ஆராதனை நடத்துகிறவர் "சந்தோஷமாய்ப் பாடுங்கள், பக்கத்தில் இருக்கிறவரைப் பார்த்துச் சிரியுங்கள், சோர்ந்துபோன முகத்தைத் தேவன் விரும்புவதில்லை" என்கிறார். நான் எழுந்து வராந்தாவில் போய் நிற்கிறேன். செருப்புகளைப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன். பாட்டு முடிந்ததும் உள்ளே வருகிறேன். ஒருமுறை அவர் பிரசங்கத்தில் "துதிக்கிற நேரத்தில் வெளியே போகிறவர்கள்" என்று பொதுவாகச் சொன்னார். எனக்குத்தான் என்று எல்லாருக்கும் தெரியும்.

கீழே யார் யார் ஏன் வாய் மூடியிருக்கிறார்கள் என்று ஸ்கேலை வைத்து மட்டும் கண்டுபிடிக்க முடியாது.


ஆவடி_எஸ்தர்

பிரதர், படித்ததும் மனசு கனத்துப்போனது. முதலில் நான் "உள்ளே அனல் இல்லை" என்று எழுதியதை உங்களை வைத்து எழுதவில்லை. எங்கள் சபையிலும் இப்படிச் சொல்வதுண்டு, உற்சாகப்படுத்துவதாக நினைத்துத்தான் சொல்கிறார்கள். நடுராத்திரியில் பவுலும் சீலாவும் சிறையில் பாடினார்கள் என்ற வசனத்தை எல்லாருக்கும் எடுத்துக் கொடுப்போம். ஆனால் அவர்களை யாரும் பக்கத்தில் நின்று "பாடு" என்று தட்டவில்லை. உங்களுக்காகவும் அக்காவுக்காகவும் ஜெபிக்கிறேன், இதற்கு மேல் எதுவும் சொல்லமாட்டேன்.


தரங்கைவாசி

ஐயா, உங்களுக்கு ஆறுதல் சொல்ல எனக்குத் தகுதி இல்லை. வேதத்தில் இருப்பதை மட்டும் சொல்கிறேன். சங்கீதப் புத்தகத்தில் துதியைவிடப் புலம்பல்தான் அதிகம். 88ஆம் சங்கீதம் கடைசி வரி வரைக்கும் இருட்டிலேயே முடிகிறது, "ஆனாலும் துதிப்பேன்" என்று ஒரு திருப்பம்கூட இல்லை. அதையும் தலைப்பில் "கோராகின் புத்திரரின் பாட்டு" என்று போட்டு, தேவாலயப் பாடகர்களின் புத்தகத்திலேயே வைத்திருக்கிறார்கள். அதைப் பாட இன்றைக்கு நம்மிடம் மெட்டு இல்லை என்றால் குறை நம்முடையது. வராந்தாவில் நிற்பவர் மேல் அதைப் போடக் கூடாது.

சிரிக்கச் சொல்லிப் பாட வைப்பது பற்றி இன்னொன்று. பழங்காலத் திருச்சபையின் ஆயர் அகஸ்தீனார் தம் அறிக்கைகள் பத்தாம் புத்தகத்தில் இந்தக் குழப்பத்தை எழுதியிருக்கிறார். பாட்டின் பொருளைவிடப் பாடுகிற குரல் தம்மை அதிகமாக அசைக்கும்போது அதைப் பாவம் என்றே நினைப்பதாகவும், அந்த நேரத்தில் பாட்டே காதில் விழாமல் இருந்தால் நல்லது என்று தோன்றுவதாகவும் சொல்கிறார். ஆனால் அதே ஆள்தான் 386இல் மிலானில் அம்புரோஸ் ஆயரும் சபையும் கோயிலுக்குள் அடைபட்டு இரவெல்லாம் காத்திருந்தபோது ஜனங்கள் துக்கத்தில் சோர்ந்துவிடாதபடி பாட்டு பாடத் தொடங்கியதையும் நன்றியோடு எழுதுகிறார். இரண்டையும் அவர் விடவில்லை. உணர்ச்சி வேண்டும், ஆனால் உணர்ச்சியை மேடையில் இருந்து கட்டளையிட்டு வரவழைக்க முடியாது. பின்னணியில் கீபோர்டின் 'பேட்' என்கிற நீண்ட ஒலியை நீட்டி, விளக்கை மங்கலாக்கி, அதே நாலு வரியைப் பத்துத் தடவை பாடி அழவைப்பதைத்தான் சொல்கிறேன்.


கீபோர்டு_கிறிஸ்டி

பேட் வாசிக்கிறவன் நான்தான் ஐயா, அடி எனக்குத்தான் 😅 ஆனால் திரும்பத் திரும்பப் பாடுவதையே குற்றமாகச் சொல்லாதீர்கள். 136ஆம் சங்கீதத்தில் "அவர் கிருபை என்றுமுள்ளது" ஒவ்வொரு வசனத்திலும் வருகிறது. 26 வசனம். ஹாஸ்டலில் தனியாக இருந்த காலத்தில் பஸ்ஸில் ஹெட்போன் போட்டு ஒரே பாட்டைத் திரும்பத் திரும்பக் கேட்டுத்தான் நான் விசுவாசத்தில் நின்றேன். அந்தப் பாட்டு எந்தக் கீர்த்தனைப் புத்தகத்திலும் இல்லை.


தரங்கைவாசி

136ஐச் சொல்லி என் வாயை அடைத்துவிட்டீர்கள் தம்பி. ஏற்கிறேன்.


நாசரேத்_மருமகள்

பெயர்_வேண்டாம் அண்ணனுக்கு: அந்த துக்க வீட்டில் இறந்தவரின் மகள் ஒரு வரிகூடப் பாடவில்லை. சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். யாரும் அவளைப் பாடச் சொல்லவில்லை. அவள் பங்கையும் சேர்த்து நாங்கள் பாடினோம், அதற்குத்தான் ஊரே போகிறது. உங்கள் சபையில் உள்ளே உட்கார்ந்து பாடாமல் இருக்க உங்களுக்கு உரிமை உண்டு. வராந்தாவுக்குப் போக வேண்டியதில்லை.


பெயர்_வேண்டாம்

நன்றிம்மா.


நெறியாளர்

ஒரு பதிவை நீக்கியிருக்கிறேன். எந்தச் சபைப் பிரிவின் ஆராதனை "உண்மையான ஆராதனை" என்ற வாதத்துக்கு இங்கே இடமில்லை. தொடருங்கள்.


தரங்கைவாசி

தென்பொதிகை ஐயா கமிட்டிக்குக் கையில் ஏதாவது கொண்டுபோக வேண்டுமே. மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி 1761இல் தம் ஜனங்களுக்குப் பாடுவதற்கு ஒரு விதிப்பட்டியல் போட்டார், அதில் இருந்து சிலவற்றை என் வார்த்தையில் தருகிறேன். எல்லாரும் பாட வேண்டும். பலவீனமோ சோர்வோ தடையாகிவிடக் கூடாது. பாதித் தூக்கத்தில் இருப்பவர் மாதிரி பாடக் கூடாது. அதே நேரம் மற்றவர் குரலை அமுக்குகிற மாதிரிக் கத்தவும் கூடாது. முந்தி ஓடக் கூடாது, இழுக்கவும் கூடாது. மெட்டில் மனசு மயங்கிவிடாமல் ஒவ்வொரு வார்த்தையிலும் கடவுளை நோக்கிப் பாட வேண்டும்.

சோர்வு பற்றிய விதியை மட்டும் பெயர்_வேண்டாம் ஐயாவின் பதிவுக்குப் பிறகு நான் கொஞ்சம் தளர்த்தியே வாசிக்கிறேன். "மற்றவர் குரலை அமுக்காதே" என்பதை உங்கள் சவுண்ட் மிக்ஸர் மேல் ஒட்டி வைக்கலாம். அந்தக் காலத்தில் மைக்கே இல்லாமல் அந்த விதி தேவைப்பட்டது.


ஒத்தக்கடை

வெஸ்லி பட்டியலோடு ஆமோஸ் தீர்க்கதரிசியின் ஐந்தாம் அதிகாரத்தையும் ஒட்டுங்கள். "உன் பாட்டுகளின் இரைச்சலை என்னைவிட்டு அகற்று" என்று சொல்லிவிட்டு, நியாயம் தண்ணீரைப்போலப் புரண்டுவரட்டும் என்கிறார் கர்த்தர். பாட்டு நல்ல ஸ்கேலில் இருந்ததா என்று அவர் அங்கே கேட்கவில்லை.


கீபோர்டு_கிறிஸ்டி

அண்ணா, இரைச்சல் என்றதும் மறுபடியும் என் பக்கம்தான் பார்க்கிறீர்கள்.

தென்பொதிகை ஐயா, கமிட்டிக்குப் போவதற்கு முன்னால் ஒரு சோதனை பண்ணுங்கள். ஒரு ஞாயிறு எல்லாப் பாட்டையும் ஸ்கேல் குறைத்து வாசிக்கச் சொல்லுங்கள், உச்ச சுரம் டியைத் தாண்டக் கூடாது. ஒவ்வொரு பாட்டின் கடைசிச் சரணத்துக்கும் டிரம்ஸ், கிட்டார், கீபோர்டு எல்லாவற்றையும் நிறுத்திவிடுங்கள். வெறும் குரல் மட்டும். முதல் தடவை பயமாக இருக்கும், ஏனென்றால் யாருமே பாடாவிட்டால் அப்பட்டமாகத் தெரிந்துவிடும். ஆனால் எங்கள் சபையில் அந்த அமைதியை ஜனங்கள் தாங்கமாட்டார்கள், பாடிவிடுவார்கள். முக்கியமாக, லீட் பாடுகிற தம்பியிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், மேடையில் வைத்துச் சொல்லாதீர்கள்.


தென்பொதிகை

வந்துவிட்டேன். தாமதத்துக்கு மன்னிக்கவும், நடுவில் அசனப் பண்டிகை (சபை விருந்து) வேலை.

கிறிஸ்டி தம்பி சொன்னபடி செய்தோம். பிள்ளைகளோடு சனிக்கிழமை சாயங்காலம் உட்கார்ந்தேன். லீட் பாடுகிறவன் முதலில் ஒத்துக்கொள்ளவில்லை. அவன் அப்பாவைக் கூட்டிவந்து அந்தப் பாட்டைப் பழைய ஸ்கேலில் பாடச் சொன்னேன். மனுஷன் இரண்டாவது வரியிலேயே இருமிவிட்டார். எல்லாரும் சிரித்தார்கள், அவனும் சிரித்துவிட்டான், அதோடு முடிந்தது.

ஞாயிறு ஒரு கீர்த்தனை, ஒரு பாமாலை, இரண்டு புதுப்பாட்டு. கீர்த்தனைக்கு மரியபுரம் அம்மா சொன்ன மாதிரி பல்லவி சபைக்கு. கடைசிச் சரணத்தில் வாத்தியம் நின்றதும் ஒரு விநாடி எல்லாரும் திகைத்தார்கள். பெண்கள் பக்கத்தில் இருந்து சத்தம் வந்தது, அப்புறம் ஆண்கள். கூரை அதிரவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். பாமாலை எடுபட்டது. இரண்டாவது புதுப்பாட்டு எடுபடவில்லை, அதன் தாளம் நம் ஆட்களுக்கு ஒத்துவரவில்லை. பிள்ளைகளே "அதை விட்டுவிடலாம் மாமா" என்றார்கள். முதல் புதுப்பாட்டை எல்லாரும் பாடினார்கள். "பழைய பாட்டு" கட்சித் தலைவரும் பாடினார், நான் பார்த்தேன்.

கமிட்டியில் முடிவானது: ஸ்பீக்கரைச் சுவர்ப் பக்கம் திருப்புவது, மாதம் ஒரு புதுப்பாட்டு மட்டும், அதையும் ஆராதனை தொடங்குவதற்கு முன்னால் சபைக்குச் சொல்லிக் கொடுப்பது. ஆராதனை நடத்துகிறவர்கள் "சிரியுங்கள், கைதட்டுங்கள்" என்று கட்டளை போட வேண்டாம் என்பதையும் நான் எழுதிக் கொடுத்தேன். யார் சொன்னது என்று கேட்டார்கள், சொல்லவில்லை. லெந்து (தவக்கால) நாட்களில் ஒரு வெள்ளிக்கிழமையாவது புலம்பல் சங்கீதத்தை மெட்டோடு பாடலாம் என்று எங்கள் போதகர் ஐயர் சொல்லியிருக்கிறார். மெட்டு தெரிந்தவர்கள் தரங்கைவாசி ஐயாவுக்குத் தனிச்செய்தி அனுப்புங்கள்.


மரியபுரம்

நல்ல செய்தி அண்ணா. பெரிய வியாழன், வெள்ளிக்கு நாங்கள் பாடுகிற சில மெட்டுகள் என்னிடம் இருக்கின்றன, பதிவு செய்து அனுப்புகிறேன். என் குரலைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.


கீபோர்டு_கிறிஸ்டி

அனுப்புங்கள் அக்கா, நான் ஸ்கேல் பார்த்துச் சொல்கிறேன்.


ஒத்தக்கடை

பறை விஷயம் கமிட்டியில் பேசினீர்களா?


தென்பொதிகை

பேசினேன் தம்பி. "நல்ல யோசனை, அறுப்பின் பண்டிகைக்குப் பார்க்கலாம்" என்றார்கள். நடவடிக்கைக் குறிப்பில் எழுதச் சொன்னேன். செயலாளர் பேனாவை மூடி வைத்துவிட்டார்.


ஒத்தக்கடை

அறுப்பின் பண்டிகைக்கு நானே வருகிறேன். இரண்டு பேர் அடிப்பார்கள், கைக்கூலி வேண்டாம், சாப்பாடு போட்டால் போதும். எல்லாரோடும் பந்தியில்.


தென்பொதிகை

வாருங்கள். தேதி முடிவானதும் இங்கேயே போடுகிறேன்.